ஒரே நாள் பூக்கும் வெள்ளை ஆர்க்கிட்: அடுத்த முறை எப்போது?

சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். புளோக்குக்கு எதிரே சாலையோரம் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு நாள் காலையில் கிளையெல்லாம் வெள்ளைப் பூவாக இருந்ததாம். மறுநாள் அம்மாவை அழைத்துப் போய்க் காட்டலாம் என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அது என்ன பூ, மரத்தை உறிஞ்சிக் கொல்லும் புல்லுருவி என்று பக்கத்து வீட்டு ஆண்ட்டி சொல்வது சரியா, ஒரு கொத்தைப் பிய்த்து வந்து காரிடாரில் வளர்க்கலாமா, பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று அடுக்கியிருக்கிறார். கேள்விகள் பல என்றாலும், அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது அம்மாவோடு அடுத்து எந்தக் காலையில் அந்த மரத்தடியில் போய் நிற்பது என்பதுதான். அதற்குப் பதில் உண்டு, அதுவும் நாள் கணக்கோடு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் இது எந்தச் செடி என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நான் தாவரவியல் பட்டம் பெற்றவன் இல்லை. பல வருடம் நர்சரியில் ஆர்க்கிட் பிரிவில் வேலை பார்த்தவன். இந்தச் செடியை வளர்த்திருக்கிறேன், மரங்களிலும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர் போட்டிருக்கும் படம் கீழிருந்து போனில் எடுத்தது, வெள்ளைப் புள்ளிகள் மட்டும்தான் தெரிகின்றன. படத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் சாலையோர மரம், வெள்ளை நிறம், காற்றில் லேசான இனிய வாசனை, ஒரே நாளில் மரம் முழுக்கப் பூத்து மறுநாள் காணாமல் போனது என்று அவர் எழுதியிருக்கும் நான்கும் சேர்ந்தால், சிங்கப்பூரில் நான் சொல்லக்கூடிய முதல் பெயர் புறா ஆர்க்கிட். டென்ட்ரோபியம் குருமெனாட்டம் என்பது அறிவியல் பெயர். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஒலோஃப் ஸ்வார்ட்ஸ் 1799ல் வைத்தது. மலாய்க்காரர்களும் புறாவின் பெயரால்தான் அழைக்கிறார்கள், அங்கெரெக் மெர்பாத்தி என்று. பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் காரணம் புரியும்: இரண்டு இதழ்கள் சிறகு மாதிரி விரிந்திருக்கும், கீழே மோவாய் போல ஒரு புடைப்பு பின்னோக்கி நீண்டிருக்கும்.

படம் தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செடியை வைத்தே உறுதி செய்துவிடலாம். பூ இல்லாத நாளில்தான் அது இன்னும் எளிது. மரத்தில் ஒட்டியிருக்கும் கொத்திலிருந்து பல தண்டுகள் கிளம்பும். ஒவ்வொரு தண்டும் அடியில் மெலிந்து, கொஞ்சம் மேலே வந்ததும் பருத்துப் புடைத்து, வரிவரியாகக் கோடு விழுந்திருக்கும். வெயில் அதிகம் படும் இடத்தில் இந்தப் பருத்த பகுதி மஞ்சளாகவே இருக்கும். தண்ணீரையும் உணவையும் சேர்த்து வைக்கும் இடம் இது. அதற்கு மேல் தண்டு மறுபடி மெலிந்து நீளும். அந்தப் பகுதியில் இரண்டு பக்கமும் தடித்த, நீள்வட்டமான இலைகள் மாறி மாறி வரும். இலைகள் முடிந்த பிறகும் தண்டு நிற்காது, மொட்டையாக ஒரு குச்சி போல நீண்டுகொண்டே போகும். அந்த வெறும் குச்சியின் கணுக்களில், காய்ந்த சருகுச் செதில்களுக்குள்ளிருந்துதான் பூ வரும். பார்க்கிறவர்கள் பட்டுப்போன தண்டு என்று நினைப்பது இந்தக் குச்சியைத்தான். நர்சரியில் இதை வாங்கிப்போன சிலர் 'காய்ந்த நுனியை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டேன், பிறகு ஏன் பூக்கவில்லை' என்று வந்து கேட்பார்கள். பூக்கும் இடத்தையே வெட்டிவிட்டால் எங்கிருந்து பூக்கும்?

பூ நாலைந்து சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சுத்த வெள்ளை, உதடு என்று சொல்லப்படும் கீழ் இதழின் நடுவில் மட்டும் மஞ்சள் திட்டு. ஒரு கணுவில் ஒரு பூதான், ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கணுக்களில் வரிசையாக வருவதால் தூரத்திலிருந்து சரம் தொடுத்த மாதிரி தெரியும். விடியும் முன்பே விரிந்துவிடும். காலையில்தான் மணம். மாலைக்குள் துவண்டு மடங்கிவிடும். ஆக, 'மறுநாள் ஒன்றுகூட இல்லை' என்பதில் ஆச்சரியம் இல்லை. யாரும் பறிக்கவும் இல்லை. அதன் ஆயுளே அவ்வளவுதான்.

குழப்பிக்கொள்ளக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே தூங்குமூஞ்சி மரங்களில் புல்போஃபில்லம் வஜினாட்டம் என்ற இன்னொரு காட்டு ஆர்க்கிட்டும் கிளையைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். அதுவும் ஒரே நேரத்தில் கூட்டமாகப் பூக்கிற இனம். ஆனால் அதன் பூ வைக்கோல் நிறம், மெல்லிய வால் வாலாகத் தொங்கும் இதழ்கள் பல சேர்ந்த குஞ்சம். அவர் பார்த்தது பளிச்சென்ற வெள்ளை என்றால் அது இல்லை.

சரி, இப்போது நாள் கணக்கு. இந்தச் செடியின் மொட்டு கணுவில் உருவாகி, ஓர் அளவு வரை வளர்ந்து, அங்கேயே நின்றுவிடும். செதில்களுக்குள் மறைந்திருப்பதால் கீழிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வாரக் கணக்கில் அப்படியே காத்திருக்கும். பிறகு ஒரு நாள் நல்ல வெயிலுக்கு நடுவே திடீரென்று இடியும் மழையுமாகக் கொட்டி, வெப்பநிலை சட்டென்று ஐந்தரை டிகிரி அளவுக்கு இறங்கினால், காத்திருந்த மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் காலை பூ. எல்லா மொட்டுகளும் ஒரே கட்டத்தில் நின்றிருந்து ஒரே நேரத்தில் கிளம்பியவை என்பதால்தான், அந்தப் பகுதியில் இருக்கும் எல்லாச் செடிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் பூக்கின்றன. மழைத் தண்ணீரே பூக்கவைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, தூண்டுவது குளிர்ச்சிதான் என்பதை 1920களிலேயே ஜாவாவில் கோஸ்டர் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். மழை என்பது இங்கே அந்தக் குளிர்ச்சியைக் கொண்டுவருகிற வண்டி, அவ்வளவே.

'ராத்திரியானால் தினமும்தானே ஆறேழு டிகிரி இறங்குகிறது, அப்படியானால் தினமும் பூக்க வேண்டுமே' என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்விதான். பகலில் 32 இருப்பது விடியற்காலை 25க்கு வரும், ஆனால் அது பல மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக நடக்கிற இறக்கம். இந்தச் செடிக்கு வேண்டியது சட்டென்று விழும் இறக்கம். அதனால் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு, தரையெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும்போது வந்து இறங்குகிற இடிமழைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். விடிவதற்கு முன் அடிக்கிற சுமத்ரா காற்றுமழை சத்தம் பெரிதாக இருந்தாலும், அந்த நேரத்தில் ஏற்கெனவே குளிர்ந்துதான் இருக்கும், இறங்குவதற்கு அதிக இடம் இல்லை. இது நான் பார்த்ததிலிருந்து வைத்துக்கொண்ட கணிப்பு, விதி இல்லை. ஏப்ரல் மேயிலும் அக்டோபர் நவம்பரிலும், இரண்டு பருவக்காற்றுக்கு இடைப்பட்ட காலத்தில், அந்த மாதிரிப் பிற்பகல் இடிமழை அதிகம் என்பதால் அப்போது கண் வைத்திருப்பது நல்லது. ஆனால் இதற்கென்று பூக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. வருடத்தில் எந்த மாதத்திலும் பூக்கும், பல முறை பூக்கும்.

ஆகவே அவருக்கு நான் சொல்வது: மரத்தைப் பார்க்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள். பெரிய மழை வந்த அன்று தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மழை நாளைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த நாளை ஒன்று என்று எண்ணுங்கள். ஒன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் கொட்டியது என்றால், பத்தாம் தேதி வியாழன் காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம். சந்தேகத்துக்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் ஓர் எட்டு பார்த்துவிடுங்கள், ஏனென்றால் சில சமயம் ஒரு நாள் முன்னே பின்னே ஆகும். வானிலை ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் தீவின் பல நிலையங்களில் பதிவாகும் வெப்பநிலை உடனுக்குடன் வருகிறது. மழைக்கு முன் எவ்வளவு, மழை வந்த அரைமணி ஒருமணி நேரத்தில் எவ்வளவு என்று வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் பார்த்தால் போதும். 33லிருந்து 25க்கு வந்துவிட்டதா, நம்பிக்கையோடு காத்திருங்கள்.

பக்கத்து நிலையம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் மழை எப்படிப் பெய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜூரோங்கில் சாக்கடை நிரம்பி ஓடும்போது தெம்பனிசில் துணி காய்ந்துகொண்டிருக்கும். பூவும் அப்படித்தான். மேற்கே ஒரு வட்டாரம் முழுக்க வெள்ளையாக இருக்கிற அன்று கிழக்கே ஒரு பூகூட இருக்காது. 'இன்று புக்கிட் தீமாவில் பூத்திருக்கிறது' என்று நண்பர் படம் அனுப்பினார் என்பதற்காக உங்கள் வட்டாரத்து மரத்தடிக்கு ஓடாதீர்கள்.

கணக்கு தவறுகிற இடம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. குளிர்ச்சி சரியாக வந்தாலும், மொட்டுகள் அந்தக் காத்திருக்கும் கட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். சமீபத்தில்தான் பெரிதாகப் பூத்து முடித்தது என்றால், தயாராக இருந்த மொட்டுகளெல்லாம் செலவாகிவிட்டன. அடுத்த மழை எவ்வளவு பலமாக இருந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூக்கும். அதனால் ஒன்பது நாள் என்பதை உறுதியாகச் சொல்வேன், எந்த மழை என்பதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஏன் இப்படி ஒரே நாளில் எல்லாம் பூத்துக் கொட்டுகிறது? ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் பூவில் வைத்தால் இதில் பொதுவாகக் காய் பிடிக்காது. வேறொரு செடியிலிருந்து வர வேண்டும். பூவின் ஆயுளோ ஒரே நாள். இரண்டு செடி வெவ்வேறு நாளில் பூத்தால் இரண்டுமே வீண். எல்லாம் ஒரே காலையில் பூத்தால், மரத்துக்கு மரம் போகிற தேனீக்களுக்கு அன்று முழுக்க வேலை இருக்கும். சிங்கப்பூரில் இந்தப் பூவுக்கு வந்து மகரந்தப் பொதியைத் தோளில் ஒட்டிக்கொண்டு போவது நம் சாதாரண ஆசியத் தேனீதான் என்று இங்கேயே கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆர்க்கிட்டில் மகரந்தம் தூளாக இருக்காது; சின்ன உருண்டையாக, பொதியாக மொத்தமாகப் போகும். காய் முற்றி வெடித்தால் தூசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்று சொல்லக்கூடிய விதைகள் காற்றில் பறக்கும். விதைக்குள் உணவுச் சேமிப்பு கிடையாது, பட்டையில் இருக்கும் பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். எத்தனையோ விதை பறந்து அபூர்வமாக ஒன்றிரண்டுதான் செடியாகிறது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிய்த்து எடுக்கலாமா என்ற கேள்விக்கு இது தேவைப்படும்.

அடுத்து ஆண்ட்டியின் புல்லுருவி. இல்லை, இது புல்லுருவி இல்லை. தொற்றிச் செடி, அதாவது மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பது. வேர்கள் பட்டையைப் பிடித்துக்கொள்கின்றன, உள்ளே துளைப்பதில்லை. மரம் இடம் தருகிறது, சோறு போடுவதில்லை. மழைநீர், பட்டை இடுக்கில் சேரும் சருகு மக்கு, வெயில் இவைதான் அதன் சாப்பாடு. ஆனால் ஆண்ட்டியைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் இதே சாலையோர மரங்களில் நிஜமான புல்லுருவியும் இருக்கிறது. அது கிளையிலிருந்தே முளைத்த புதர் மாதிரி, மரத்தின் இலையிலிருந்து வேறுபட்ட தடித்த இலைகளோடு கொத்தாக நிற்கும். ஒட்டியிருக்கும் இடத்தில் கிளை வீங்கியிருக்கும். அது மரத்தின் சாற்றை எடுக்கத்தான் செய்கிறது. ஆர்க்கிட்டுக்கும் அதற்கும் உறவில்லை. மேலே எடை கூடினால் கிளை முறியுமே என்று கேட்டால், அந்தப் பயம் மழையில் ஊறிய பெரிய பறவைக்கூட்டுப் பெரணிக்குப் பொருந்தலாம், இந்த மெலிந்த தண்டுகளுக்குப் பொருந்தாது.

எங்கெங்கே பார்க்கலாம்? உலக அளவில் இது தென்கிழக்காசியாவின் பொதுவான செடி. மியன்மார், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், இலங்கை, அந்தமான் நிக்கோபார் தீவுகள் என்று பரந்து கிடக்கிறது. சிங்கப்பூரில் காட்டு ஓரம், சதுப்புநில ஓரம், பழைய கம்பத்து (கிராமத்து) பழமரம், சாலையோரம் எல்லாவற்றிலும் உண்டு. எனக்குப் பிடித்தது சாலையோரம்தான். தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்ட மரம். சொரசொரப்பான பட்டை, படுத்த மாதிரி அகன்ற கிளைகள், இலைக்கு நடுவே இறங்கும் வெளிச்சம் எல்லாம் இந்த ஆர்க்கிட்டுக்கு அப்படியே பொருந்திவிட்டன. மண்ணின் செடி வெளியூர் மரத்தில் குடியேறி, காடு போன பிறகும் நகரத்துக்குள் பிழைத்துக்கொண்டது. அங்சானாவிலும் தெம்புசுவிலும்கூடப் பார்க்கலாம்.

எல்லா ஆர்க்கிட்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சிங்கப்பூரின் சொந்த ஆர்க்கிட் இனங்கள் என்று 220க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. அதில் பெரும்பகுதி இங்கே அழிந்துபோனவை, இன்றும் சாதாரணமாகக் கண்ணில் படுபவை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஈரமும் நிழலும் உள்ள காடு வேண்டியவை காட்டோடு போய்விட்டன. வெயிலையும் வறட்சியையும் தாங்குகிற புறா ஆர்க்கிட் மிஞ்சியது. போனதில் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவர 1995லிருந்து வேலை நடக்கிறது. புலி ஆர்க்கிட் என்ற மிகப் பெரிய இனத்தை விதையிலிருந்து வளர்த்துச் சாலையோர மரங்களிலும் பூங்காக்களிலும் கட்டியிருக்கிறார்கள். பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், 1861ல் நட்ட ஒரு புலி ஆர்க்கிட் இன்னும் இருக்கிறது, அம்மாவை அங்கேயும் கூட்டிப் போங்கள். தேசிய மலர் வேண்டா மிஸ் ஜோவாக்கிம் பற்றியும் பின்னூட்டத்தில் யாரோ கேட்டிருந்தார்கள். அது இரண்டு இனங்களின் கலப்பு, காட்டுச் செடி இல்லை. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

இப்போது பிய்த்து எடுக்கும் கேள்வி. வேண்டாம். பூங்காவிலோ இயற்கைக் காப்பகத்திலோ செடியை எடுப்பது சட்டப்படி குற்றம். சாலையோர மரமும் உங்களுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மரத்திலிருந்து இழுத்தால் வேர் பாதி பட்டையிலேயே நின்றுவிடும், வீட்டுக்கு வந்த செடி பல நேரம் தேறாது. கிளை கழிக்கும்போது கீழே விழுந்த செடியைப் பார்த்தால் வேலை செய்பவர்களிடமோ தேசியப் பூங்காக் கழகத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

வளர்க்க ஆசை என்றால் நர்சரியில் கேட்டு வாங்குங்கள், விலை அதிகம் இருக்காது. மண்ணில் நடாதீர்கள். மரத்துண்டிலோ தேங்காய்மட்டையிலோ கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது கரித்துண்டு நிரப்பிய சின்னத் தொட்டியில் வையுங்கள். தினமும் சில மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பூவே வராத செடிகளில் பாதி, வெளிச்சம் போதாதவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் காரிடாரில் வைத்தால் வெளிவிளிம்புப் பக்கம், மழைக்காற்று படும் இடமாகப் பாருங்கள், ஏனென்றால் வெப்பநிலை விழுவதை அது உணர வேண்டும். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்த செடி செழிப்பாக வளரும், பூக்க மறந்துவிடும். தடுப்புச் சுவரின் மேல் தொட்டியை வைக்காதீர்கள். தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், கொசு அதிகாரிகள் வந்தால் அபராதம் உங்களுக்குத்தான். ஐஸ் தண்ணீர் ஊற்றினால் பூக்கும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தூண்டுவது குளிர்ச்சி என்பதால் தத்துவம் தப்பில்லை, ஆனால் தொட்டிக்கு ஐஸ் கொட்டினால் வேர் கெடும் வாய்ப்புதான் அதிகம் என்று நினைக்கிறேன். நான் செய்ததில்லை, செய்யவும் சொல்ல மாட்டேன். அப்புறம், பழைய தண்டின் மேல்கணுவில் குட்டிச் செடி முளைத்து வேர்விடும். அதை வேர் இரண்டு மூன்று அங்குலம் வந்ததும் பிரித்துத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கே ஒன்று கொடுக்கலாம்.

சாமிக்கு வைக்கலாமா என்பதற்கு எனக்குத் தெரிந்த தடை எதுவும் இல்லை. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மாலையோடு கோத்து விற்கிற ஊதா ஆர்க்கிட்கூட டென்ட்ரோபியம்தான், இதற்கு உறவு. அவை வாரக்கணக்கில் வாடாதபடி கலப்பு செய்து வளர்த்தவை. இது பறித்த சில மணி நேரத்தில் துவண்டுவிடும், சரம் தொடுக்கத் தாங்காது. வீட்டுச் செடியில் பூத்தால் காலை பூஜைக்கு ஒன்றிரண்டு வைக்கலாம். மரத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கு மட்டும் போங்கள்: காலை ஏழரையிலிருந்து பத்துக்குள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள், வெள்ளைப் பூ அப்போதுதான் படத்திலும் தெளிவாக விழும். அம்மாவுக்குக் கழுத்து வலிக்கும் என்றால் மரத்துக்கு நேர் கீழே நிற்காமல் மேம்பால நடைபாதை ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள், கிளை மட்டத்துக்கே வந்துவிடலாம். பூ முடிந்த பிறகும் தண்டின் படம் ஒன்று எடுத்து இங்கே போடுங்கள், அந்தப் பருத்த அடியும் மொட்டை நுனியும் தெரிந்தால் பெயரை நான் உறுதி செய்கிறேன்.